வாசலுக்கு ஓடிவராத நாய்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து ஒரு விவசாயி, நான்கு வயது நாட்டு நாயைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். அவர் கேட்டது டானிக். “ஒரு வாரமாகப் பால்காரர் வண்டி வந்தால்கூடத் தலையைத் தூக்குவதில்லைங்க டாக்டர். தின்று தின்று சோம்பேறியாகிவிட்டது” என்றார். நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, அரிசி களைந்த தண்ணீரைப் போல வெளிறியிருந்தது. காதுமடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணிகள். இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 30,000-ஐக்கூடத் தொடவில்லை. நாய்க்கு ஏறக்குறைய 2 லட்சத்துக்குக் குறையக் கூடாது.

வீட்டில் யாருக்காவது டெங்கு வந்திருந்தால் பிளேட்லெட் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நாய்க்கு வருகிற உண்ணிக் காய்ச்சலிலும் அதே ஆபத்துதான். எர்லிக்கியா என்ற கிருமி உண்ணிக் கடியின் வழியே இரத்தத்தில் நுழைகிறது. சில நாய்களுக்கு மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும். சிலவற்றின் வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பபேசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களையே உடைத்துவிடுவதால் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகும். ஆனால் இவையெல்லாம் பிறகு வருபவை. முதலில் வருவது சோம்பல். தட்டில் சோறு மீந்திருக்கும், வண்டிச் சத்தத்துக்குக் காது அசையாது. இதை நோய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வயதாகிவிட்டது என்பார்கள், வெயில் என்பார்கள், கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. நாயின் குணம் திடீரென்று மாறினால், குணத்தைத் திருத்தப் போகாமல் முதலில் அதன் உடம்பைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எர்லிக்கியாவுக்கு மூன்று நான்கு வாரம் மாத்திரை கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் தின்ன ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரரும் அன்றோடு மாத்திரையை நிறுத்திவிடுவார். அடுத்த மாதம் அதே நாய் இன்னும் மோசமாகி என் மேசைக்கு வரும்.

உண்ணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், தோட்டக்காரர்கள் பெரும்பாலும் மாட்டுக் கட்டுத்தரையைக் காட்டுவார்கள். மாட்டு உண்ணி வேறு இனம். நாயைப் பிடிக்கிற பழுப்பு உண்ணி, நாய் படுக்கிற இடத்திலேயே குடித்தனம் நடத்துகிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ பழைய சாக்குக்கு அடியிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவரில் இருக்கிறது. அதனால் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. படுக்கும் சாக்கைக் கொளுத்திவிட்டு, விரிசல்களைப் பூசி அடைக்க வேண்டும். மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று உண்ணிக்கு மெல்லும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. விலை சற்று அதிகம். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து வீடுகளில் மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்து பாட்டில் எப்போதும் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும். லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்ற அளவெல்லாம் பார்க்காமல், துணியில் நனைத்து அப்படியே நாயின் மேல் துடைத்துவிடுகிறார்கள். நாய் சும்மா இருக்குமா, நக்கும். அரை மணி நேரத்தில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, வலிப்பில் போய் நிற்கும். அப்படி நேர்ந்துவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டு உடனே கழுவுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், சில மருந்துகள் எண்ணெயோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும். உப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரைகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். நாய் நொண்டுகிறது என்று கொடுத்த இரண்டு மூன்று டைக்ளோபினாக் மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கி, கறுப்பு மலம் போக வைத்து, சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கடிக்கிற நாய்க்கு வருகிறேன். ஈரோட்டில் ஒரு வீட்டில், ஐந்து வருடமாகக் குழந்தைகள் மேலேறி விளையாடிய லாப்ரடார், பேரன் காதைப் பிடித்ததும் கையைக் கவ்விவிட்டது. “இனி வீட்டில் வைக்க முடியாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்று அந்தப் பையனின் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, அழுதுகொண்டே சொன்னார். தொங்கிய காதைப் புரட்டியபோதே வாடை அடித்தது, உள்ளே சீழ். குளிப்பாட்டும்போது தண்ணீர் உள்ளே போய், துடைக்காமல் விட்ட காது. இரண்டு மாதமாகத் தலையை உதறிக்கொண்டிருந்ததாம். காதைத் தொட்டால் உறுமியிருக்கிறது, உறுமியதற்கு அடியும் வாங்கியிருக்கிறது. உறுமல் என்பது நாய் தருகிற முன்னறிவிப்பு. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை அறிவிப்பில்லாமல் பல்தான் வரும். காது ஆறியது, நாய் அதே வீட்டில்தான் இருக்கிறது. ஆறும்வரை பேரனைத் தள்ளி வைக்கச் சொன்னேன்; அது நாய்க்காக மட்டுமல்ல.

பகல் முழுக்கக் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுகிற வழக்கம் நம் பக்கம் நிறைய. காவலுக்கு என்பார்கள். சங்கிலியின் நீளத்துக்குள்ளேயே வட்டமடித்த நாய்க்கு இரவில் கிடைக்கிற விடுதலை, தோட்டத்து எல்லையோடு நிற்பதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுகிற நாய்க்கூட்டங்களைப் பற்றி விவசாயிகள் சில ஆண்டுகளாகப் போராடிவருவது உங்களுக்குத் தெரியும். அவற்றில் எல்லாமே தெரு நாய்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் வீட்டு நாய்க்கும் வேட்டைப் புத்தி வந்துவிடும்; காலையில் வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும். இரவுச் சுற்றலில் அது கொண்டுவருவது இன்னொன்றும் உண்டு. இனச்சேர்க்கையால் தொற்றுகிற பிறப்புறுப்புக் கட்டி. சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியும், பெண் நாயாக இருந்தால் ‘பருவம் நிற்கவே இல்லை’ என்று கூட்டி வருவார்கள். ஊசி மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடும். கருத்தடை செய்துவிட்டால் சுற்றலும் குறையும், பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டுகிற ஆபத்தும் போகும்.

இனி, எனக்கே பயம் தருகிற ஒன்று. கிடா விருந்து முடிந்த இரண்டாம் நாள், “தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது” என்று ஒரு நாயை அழைத்து வந்தார்கள். வாய் மூட முடியாமல் தாடை தொங்கியது, எச்சில் கயிறாக வடிந்தது. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி வாய்க்குள் கைவிட்டுத் தேடியிருக்கிறார்கள். எலும்பு இல்லை. அது வெறிநோயின் ஊமை வடிவம். வெறிநாய் என்றால் தெருவில் ஓடிக் கடிப்பது என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. இருட்டு மூலையில் ஒதுங்குவது, குரைப்பின் குரல் மாறுவது, தண்ணீரை விழுங்க முடியாமல் தட்டின் முன்னால் நிற்பது, இவையும் அதுதான். தாடை தொங்கும் நாயின் வாய்க்குள் எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.

அன்று அந்த இரண்டு பேரையும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கை கழுவ வைத்து, அப்படியே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவர்களில் பெரியவர், சின்ன வயதில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதை நினைத்துத் தயங்கினார். அந்த ஊசி எப்போதோ ஒழிந்துவிட்டது. இப்போது கையில் போடுகிறார்கள்; தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலோ, தசையில் போட்டால் 14-ஆம் நாளையும் சேர்த்தோ. காயத்தின் ஆழத்தைப் பொறுத்து, காயத்தைச் சுற்றியே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படலாம். அறிகுறி வந்தபின் மருந்து இல்லை. நாய்க்கு மூன்று மாத வயதில் ஒரு வெறிநோய்த் தடுப்பூசி, அதிலிருந்து ஒரு வருடத்தில் அடுத்தது, பிறகு மருத்துவர் சொல்கிற இடைவெளியில். கட்டிப்போட்ட நாய்தானே என்று சொல்லிச் சிலர் தவிர்க்கிறார்கள். கட்டிப்போட்ட நாயால், தேடி வந்து கடிக்கிற நாயிடமிருந்து ஓடவும் முடியாது.

நாயைக் கூட்டி வரும்போது எனக்குப் பயன்படுகிற செய்திகள் இவை: கடைசியாக ஒழுங்காகத் தின்றது என்றைக்கு, சிறுநீர் என்ன நிறம், யாரையாவது கடித்ததா அல்லது நக்கியதா. நடை மாறியிருந்தால் கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வாருங்கள். மேசை மேல் ஏற்றியதும் பயத்தில் எல்லா நாயும் நேராக நின்றுவிடும். எதையாவது தடவியிருந்தால், கொடுத்திருந்தால், திட்டுவேனோ என்று மறைக்காமல் அந்தப் பாட்டிலையும் அட்டையையும் எடுத்து வாருங்கள். லேபிள் பாதி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.