மூடுபனியில் பழைய ஸ்பீக்கர்: எது அழுகும், எது நிலைக்கும்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய வீடுகளில் 1970, 80களின் ஹைஃபை ஸ்பீக்கர் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. முன்பக்கத் துணியைக் கழற்றினால் ஊஃபரின் (பாஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) விளிம்பில் இருக்கும் ஸ்பாஞ்ச் வளையம் (சரவுண்ட்) தொட்ட விரலில் பிசுபிசுத்து, கறுப்பு மாவாக உதிரும். அதிகம் பாட்டுப் போட்டதால் வந்த தேய்மானம் இல்லை இது. சுவிட்சே போடாமல் பரணில் வைத்திருந்த பெட்டிக்கும் இதே கதிதான்.

அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். அதன் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் மெதுவாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் விரைவாக்குகிறது. அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்த வளையம் கடைசியில் சட்டென்று உதிர்கிறது. பொதுவாக 15 முதல் 25 வருடம் தாங்கும். மாதக்கணக்கில் மூடுபனி புகுந்து வெளியேறும் அறையில் அவ்வளவுகூட எதிர்பார்க்க முடியாது. ரப்பர் வளையமும், பசை பூசிய துணி வளையமும் இந்த நோய்க்குத் தப்பியவை. உங்கள் பெட்டியில் இவை இருந்தால் கை வைக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஊஃபரின் இரு முனைகளையும் தொடுங்கள். 8 ஓம் என்று எழுதியிருந்தால் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓமுக்கு 3 முதல் 3.6. எதுவும் காட்டாவிட்டால் வாய்ஸ் காயிலோ (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அதன் மெல்லிய இணைப்புக்கம்பியோ அறுந்திருக்கிறது. பிறகு இரு கைவிரல்களாலும் கோனை, அதாவது ஊஃபரின் நடுவில் அசையும் கூம்பை, சமமாக அழுத்துங்கள். மணல் உரசுவதுபோலச் சத்தம் வந்தால் காயில் காந்த இடைவெளியில் முட்டுகிறது. வளையம் போனதால் கோன் சரிந்திருக்கலாம், இடைவெளியில் துரு ஏறியிருக்கலாம், கீழே விழுந்து காந்தமே நகர்ந்திருக்கலாம். முதலாவது வீட்டிலேயே சரியாகும். மூன்றாவதை விட்டுவிடுவதே நல்லது.

புது வளையத்தை '8 இன்ச்' என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. கோனின் வெளிவிட்டம், வளைவின் உள்விட்டம், வெளிவிட்டம், இரும்புச் சட்டத்தில் ஒட்டும் இடத்தின் விட்டம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து கொடுங்கள். ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் ஸ்பாஞ்சே போடுங்கள். கெட்டியான ரப்பர் போட்டால் அசையும் பாகத்தின் எடையும் விறைப்பும் மாறி, பாஸின் குணமே மாறிவிடும்.

பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒட்டுப்பசையைத் துடைத்தெடுக்கவும். வேலை மேசையில் இரும்புத்தூள் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. காந்த இடைவெளி அதை இழுத்து வைத்துக்கொள்ளும். நடுவிலுள்ள தூசிமூடியைப் புது பிளேடால் முக்கால் வட்டம் அறுத்துத் தூக்கி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே பழைய எக்ஸ்ரே பிலிமின் ஒரு செ.மீ. அகலக் கீற்றுகளை நான்கு பக்கமும் செருகவும். கீற்று இறுகலாக நிற்க வேண்டும், பிதுக்கக் கூடாது. முதலில் வளையத்தைக் கோனில் ஒட்டி, காய்ந்தபின்தான் சட்டத்தில் ஒட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கோன் நடுவில் நிற்காது. காகிதக் கோனுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். அது நழுவ இடம் கொடுப்பதால் சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. ஆனால் அது நீர் ஆவியாகித்தான் இறுகும். சமவெளியில் ஓரிரவு போதுமானது, மலையில் பனி இறங்கிய நாளில் இரண்டு நாள் ஆகும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களே இந்த வேலைக்கு உகந்தவை. காய்ந்ததும் கீற்றுகளை உருவி, குறைந்த ஒலியில் 30 ஹெர்ட்ஸ் சத்தம் கொடுத்துப் பாருங்கள். உரசல் இல்லையென்றால் மூடியை ஒட்டலாம்.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது ஒலியை ஊஃபருக்கும், உயர் சுருதி தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று. ட்வீட்டருக்கு உயர் அதிர்வெண்களை மட்டும் அனுப்பும் கெப்பாசிட்டர் பல பெட்டிகளில் நான்-போலார் (பிளஸ்-மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிடிக். உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றும். 8 ஓம் ட்வீட்டருடன் 4.7 மைக்ரோஃபாரட் என்றால் பிரிப்பு ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸில் விழும், வற்றி 3.3 ஆனால் அது 6,000ஐ எட்டும், இடைப்பட்ட சுருதியில் ஒரு பள்ளம் விழும். அதே மதிப்பில் 100 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர் போடுங்கள். இதன் உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டர் திடீரெனக் காதைக் குத்தலாம். அப்போது அரை ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்தால் பழைய நிதானம் திரும்பும். சாதாரண, பிளஸ்-மைனஸ் உள்ள எலக்ட்ரோலிடிக்கை இங்கே போடவே கூடாது.

இத்தனையும் செய்தபின் சென்னையில் கேட்டதுபோல ஊட்டியில் ஏன் கேட்கவில்லை என்ற சந்தேகம் எழும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். கோன் அதே அளவு அசைந்தாலும் தள்ளப்படும் காற்று மெலிந்தது. சத்தம் ஏறத்தாழ 2 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்றரை மடங்கு வாட் தர வேண்டும்.

காற்றே புகாதபடி மூடிய பெட்டியில் மாற்றம் இன்னும் சுவையானது. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் தன் ஏஆர்-1 ஸ்பீக்கரில் செய்தது இதைத்தான்: கோனைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடமே ஒப்படைத்தார். அழுத்தம் குறைந்தால் அந்த ஸ்பிரிங் தளர்கிறது. கோனின் சொந்த விறைப்பைவிடக் காற்றின் விறைப்பு மூன்று மடங்காக இருக்கும் பெட்டி சென்னையில் 60 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்தால், ஊட்டியில் 55ஐ ஒட்டி ஒத்ததிரும். பாஸ் சற்று ஆழமாகும், ஆனால் அந்த இடத்து மேடு தணியும். இதைப் பழுது என்று நினைத்துப் பாகம் மாற்றாதீர்கள். துளைக்குழாய் உள்ள பெட்டியின் சுருதியோ இந்த அழுத்தத்தால் மாறாது. பெட்டிக்குள் ஸ்பிரிங்காக இருக்கும் காற்றும், குழாயில் எடையாக ஆடும் காற்றும் ஒரே விகிதத்தில் மெலிகின்றன. மூடிய பெட்டியில் ஒரு சோதனை மட்டும் அவசியம்: ஊஃபரை அழுத்தி விட்டால் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். டப்பென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. திருகுத் துளைகளையும் பின்பக்க முனைகளையும் பாருங்கள்.

கல்சுவரிலிருந்து பெட்டியை ஒரு சாணாவது தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்; துகள்பலகைப் பெட்டியின் அடிப்பாகம் ஈரத்தில் ஊதும். காகிதக் கோனில் பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் தண்ணீர் வேண்டாம், உலர்ந்த மென்தூரிகை போதும். பெட்டியைப் பயன்படுத்தாமல் வைப்பதானால், கனமான ஊஃபரை ஆண்டுக்கொரு முறை கழற்றி 180 பாகை திருப்பிப் பூட்டுங்கள். கோனைத் தாங்கும் ஸ்பைடர் துணி ஒரே பக்கமாகத் தொங்கிப்போகாது.