விரல் தானாக ஓடினால்தான் மனம் பாடும்

வன்னியில் கோயில் திருவிழா மேளச்சமா கேட்டு வளர்ந்தவருக்கு ஜாஸ் இசை அவ்வளவு அந்நியமாக இருக்காது. சாமம் தாண்டியும் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்து, எங்கேயும் எழுதி வைக்காத ஒன்றை அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு போவார். தவில்காரர் அதைக் காதில் வாங்கிப் பதில் சொல்வார். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் பிறந்த ஜாஸின் உயிரும் இதுதான்.

அப்படியென்றால் முள்ளியவளையில் நாதஸ்வரம் பழகிய ஒரு பிள்ளை சாக்சபோனை எடுத்ததும் ஜாஸ் வாசித்துவிடுமா? மூச்சுப் பலம் கைகொடுக்கும். இரண்டு கருவிக்கும் உள்குழல் கூம்பு வடிவம் என்பதால், ஒரு ஸ்வரத்தின் பிடியை மாற்றாமலே மேல் ஸ்தாயிக்குப் போகலாம். சாக்சபோனில் அதற்குப் பெருவிரல் சாவி ஒன்று உதவும். (நேர்குழலான கிளாரினெட் அப்படியல்ல. அது சட்ஜத்திலிருந்து மேல் பஞ்சமத்துக்குத் தாவிவிடும்.)

சிக்கல் விரலில் இருக்கிறது. நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடி, வாயில் வைத்து ஊதும் சீவாளியில் காற்றை ஏற்றி இறக்கிக் கமகம் எடுக்கிறோம். சாக்சபோனில் துளைகளை மூடுவது சாவிகள். அங்கே ஸ்வரத்தை வளைக்கும் வேலை பெரும்பாலும் உதட்டுக்கும் தொண்டைக்கும் போய்விடுகிறது. பழைய பழக்கம் குறுக்கே வரும்போது, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கிறது. அந்த நேரத்தில் கற்பனைக்கு இடமில்லை. திரும்பத் திரும்பப் பழகும்போது சிறுமூளையும் மூளையின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளும் அந்த வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. நல்ல தூக்கமும் இதற்குத் தேவை. பழகிய அசைவு தூக்கத்திலும் உறுதிப்படுகிறது. ஒரே நாளில் மணிக்கணக்காக ஊதுவதைவிட நாளுக்குக் கொஞ்சமாகப் பழகுவது மேல்.

அப்புறம் என்ன நடக்கிறது? 2008இல் சார்ள்ஸ் லிம், அலன் பிரௌன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஜாஸ் பியானோக் கலைஞர்கள் ஆறு பேரை மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, காந்தம் இழுக்காத சிறிய கீபோர்டு ஒன்றை வாசிக்க வைத்தார்கள். மனப்பாடமாக வாசித்ததைவிடக் கற்பனையாக வாசித்தபோது, தன்னைத் தானே கண்காணிக்கும் முன்மூளைப் பக்கப் பகுதிகள் அடங்கின. தன்னை வெளிப்படுத்துவதோடு தொடர்புடைய நடுப்பகுதி விழித்தது. ஆறு பேரை வைத்து முடிந்த முடிபாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் கச்சேரியில் நாம் காதால் கேட்டறிந்ததோடு இது பொருந்துகிறது. இசை விதியை விட்டவருக்கு இப்படிக் கற்பனையாக வாசிக்கும் சுதந்திரம் வருவதில்லை. விதி விரலில் ஊறியவருக்கே வருகிறது.

நம் பிள்ளைக்குப் புதிதாகப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்குச் சுருதி கடைசிவரை அசையாது. ஜாஸில் அடிக்கடி வரும் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் அமைப்பில் அடித்தளமே நகரும்: முதலில் சட்ஜம், ஐந்தாவது பாரில் மத்திமம், ஒன்பதாவதில் பஞ்சமம். முதல் பாரில் இனித்த அந்தர காந்தாரம் ஐந்தாவதில் உரசும். அதை அதற்கு அடுத்துக் கீழே உள்ள ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரமாக இறக்கிப் பாருங்கள், சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இதைக் கருவியில் தேடுமுன் வாயால் பாடிப் பழகுவதே சரி. காது பிடித்துவிட்டால் விரல் பின்னால் வந்துவிடும்.