ஏறிய கியரிலேயே இறங்க முடியாத வண்டி

இலங்கை மலையகத்தில் வண்டி பழக்குகிறவர்கள் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று: "ஏறின கியர்லயே எறங்கணும்." இறம்பொடைச் சரிவிலும் கினிகத்தேனை வளைவுகளிலும் லொறிக்காரர்கள் உயிரைக் காத்துக்கொள்வது இந்த ஒரு விதியால்தான். செக்கண்ட் கியரில் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. மின்சார வாகனத்தில் அந்த கியர் இல்லை. பெரும்பாலான மொடல்களில் இருப்பது ஒரே பல்லிணைப்பு.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்ட பிறகு, சிறிய மின்சார எஸ்யூவிகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் கண்ணில் படுகின்றன. வாங்க யோசிப்பவர்கள் "மலை ஏறுமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக ஏறும். நின்ற நிலையிலிருந்தே மோட்டார் முழு முறுக்குவிசையைத் தரும். உயரம் கூடக் கூட காற்று அடர்த்தி குறைவதால், சாதாரண பெற்றோல் என்ஜின் நுவரெலியாவில் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. மின்மோட்டாருக்கு அந்த இழப்பே இல்லை. நம் ஊர்ப் பாதைகளுக்கு வண்டி தேடுகிறவர்கள் விசாரிக்க வேண்டியது, அது எப்படி இறங்கும் என்பதை.

முதலில் ஏற்றக் கணக்கு. கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றரில். ஆட்களோடு சேர்த்து 1900 கிலோ வரும் ஒரு வண்டியை அந்த 1400 மீற்றர் அளவுக்குத் தூக்க 26 மில்லியன் ஜூல் சக்தி வேண்டும். மின்பட்டியலில் வரும் ஒரு அலகு, அதாவது ஒரு கிலோவாட் மணி, என்பது 3.6 மில்லியன் ஜூல். ஆக, வெறும் உயரத்துக்கே 7 அலகுக்குக் கொஞ்சம் மேல். எந்தக் கம்பனியின் எந்தத் தொழில்நுட்பத்தாலும் இதைக் குறைக்க முடியாது. அதோடு 55 கிலோமீற்றர் அளவான பாதையில் டயர் உருளவும் காற்றைத் தள்ளவும் மூன்று நான்கு அலகு, மோட்டாரிலும் மின்னணுவிலும் வீணாவது, விளக்கு, வைப்பர். எல்லாம் கூட்டினால் 13, 14 அலகு போகும். 50 அலகு பற்றரியில் அது கால் பங்குக்கு மேல்.

விளம்பரத்தில் உள்ள தூரத்தை இங்கே நம்பக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். அந்தச் சோதனைகள் ஆய்வுகூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு நடத்தப்படுபவை. அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 60.48 கிலோவாட் மணி பற்றரி கொண்ட பிவைடி அட்டோ 3க்கு பழைய ஐரோப்பிய முறையில் 480 கிலோமீற்றர் என்றும் புதிய டபிள்யூஎல்டிபி முறையில் 420 என்றும் போடுகிறார்கள். வண்டி ஒன்றே, எண் இரண்டு. விலை பேசும்போது எந்த முறை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பற்றரி எத்தனை கிலோவாட் மணி என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பாதைக்கு மேலே செய்த கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இனி இறக்கம். தலவாக்கலையில் தேக்கிய நீரைக் கீழே இறக்கி மேல் கொத்மலை நிலையம் 2012 முதல் 150 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறது. 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபானவிலும் அதே வித்தைதான்: உயரத்தில் இருக்கும் எடை கீழே வரும்போது சுழலியைச் சுற்றுகிறது. மின்சார வாகனம் சரிவில் வரும்போது நடப்பதும் இதுவே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்பிறப்பாக்கியாகி, பற்றரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்படி மின்சாரம் எடுக்கும்போது மோட்டார் சுழற்சியை எதிர்க்கும். அந்த எதிர்ப்புத்தான் பிரேக்காக வேலை செய்கிறது. மீளாக்க பிரேக் என்பது இதைத்தான்.

இதன் அளவு பெரிய ஆறுதல் தருவது. 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் சரிவில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், நம் 1900 கிலோ வண்டியை வேகம் கூடாமல் பிடித்துவைக்க ஏறத்தாழ 10 கிலோவாட் போதும். இந்த வகை வண்டிகளின் மோட்டார் இதைப்போலப் பல மடங்கை உள்வாங்கும். இறம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டி இறங்கும்போது டாஷ்போர்டில் வலு காட்டும் முள்ளைப் பாருங்கள்: பச்சைப் பக்கத்தில் கொஞ்சமாகச் சாய்ந்தபடி நிற்கும், பிரேக் மிதியைத் தொட வேண்டிய தேவை வளைவுகளில் மட்டும் வரும். முன்னால் போகும் லொறியிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்துகொண்டிருக்கும். கம்பளைக்கு வந்து சேரும்போது, புறப்பட்டதைவிட இரண்டு மூன்று சதவீதம் சார்ஜ் கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. போகவர இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மலைப்பாதைச் செலவு பலர் பயப்படுமளவு இல்லை. ஏறும்போது மட்டும் பார்த்துவிட்டு "பற்றரி தின்கிறது" என்று சொல்கிறோம்.

ஆபத்து இருப்பது உச்சியில் குடியிருப்பவர்களுக்கு. நுவரெலியாவில் வீடு, இரவில் 100 சதவீதம் சார்ஜ், காலையில் கண்டிக்குப் பயணம் என்று வையுங்கள். நிறைந்த லிதியம் கலம் மேற்கொண்டு மின்சாரம் ஏற்காது. ஏற்க வைத்தால் கெட்டுப்போகும். ஆகவே பற்றரியைக் காக்கும் கணினி மீளாக்க பிரேக்கை மூடிவிடும். கொழும்பில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. சமதரையில் சில கிலோமீற்றர் ஓடினாலே கொஞ்சம் இடம் காலியாகிவிடும். நானுஓயாப் பக்கமோ இறம்பொடைப் பக்கமோ இறங்குகிறவருக்கு அந்த இடம் காலியாவதே இல்லை. கியரும் இல்லை, மீளாக்கமும் இல்லை. அவ்வளவு எடையும் உராய்வு பிரேக்கின் தலையில் விழுகிறது. சில மொடல்கள் உபரிச் சக்தியை வேறு வழியில் வெப்பமாக்கி வெளியேற்றும், சில பிரேக்கைத் தாமே கலந்து கொடுக்கும், சில சும்மா ஒரு எச்சரிக்கையை மட்டும் காட்டும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பரிகாரம் எளிது. சார்ஜ் எல்லையை 85 அல்லது 90 சதவீதத்தில் வைக்கும் வசதி வண்டியில் இருக்க வேண்டும், இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். லிதியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரிக்கு வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மின்னழுத்தம் அதிகம் மாறாத அந்தக் கலத்தில் அளவுகாட்டி சரியாக இருக்க அது தேவை. அந்த முழுச் சார்ஜை, மறுநாள் எங்கும் நெடுஞ்சரிவு இறங்காத இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழும் இடம் இது. குளிர்ந்த கலம் வேகமாகச் சார்ஜ் ஏற்காது, அதனால் பாதி காலியான பற்றரியோடு புறப்பட்டாலும் முதற் சில கிலோமீற்றருக்கு மீளாக்கம் பலவீனமாக இருக்கலாம். கண்ணாடிப் பனி நீக்க ஹீட்டர் போடாமல் முடியாது. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் வெப்பப் பம்பு உள்ள வண்டி அதற்குக் குறைந்த மின்சாரம் எடுக்கும். கொழும்பில் வீண் செலவாகத் தெரியும் அந்த வசதிக்கு நுவரெலியாவில் பணம் கொடுக்கலாம்.

உராய்வு பிரேக் அடிக்கடி வேலை செய்யாததால் அதை மறந்துவிடுவதும் உண்டு. ஈரமான மலைக்காற்றில் டிஸ்க் துருவேறும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கொதிநிலை குறையும், சரிவில் சூடானால் குமிழ் கட்டி மிதி உள்ளே போய்விடும். ஓடிய தூரத்தைப் பார்க்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தோட்டப் பாதையில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பற்றரி வண்டியின் அடிவயிற்றில் படுத்திருக்கிறது. நான்கு பேரும் சாமானும் ஏறிய பிறகு தரைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பாருங்கள். முன்சக்கர இழுவை வண்டிகள் செங்குத்தான ஈர ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரம் வழுக்கலாம். நல்ல டயரும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுவும் இதைப் பெரிதும் சமாளிக்கும்.

சார்ஜுக்கு வேகச் சார்ஜரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண சொக்கட்டில் 2 கிலோவாட் வீதம் ஏற்றினாலும் எட்டு மணித்தியாலத்தில் 14, 15 அலகு சேரும். கம்பளையிலிருந்து ஏறிவந்த செலவு விடிவதற்குள் ஈடாகிவிடும். ஆனால் இரவு முழுக்க இப்படி மின்சாரம் ஓடும் சுற்றில் பழைய லயத்து வயரிங் இருந்தால் ஆபத்து. மின்தொழிலாளியை அழைத்து எர்த் இணைப்பையும் வயரின் தடிப்பையும் பார்த்துவிட்டு, அதற்கென்று தனிச் சுற்று ஒன்று இழுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை ஓட்டத்தை விற்பனையாளர் கொழும்புச் சமதரையில் முடித்துவிடப் பார்ப்பார். கடுகண்ணாவைச் சரிவுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள், அதுவும் உச்சிக்குப் பக்கத்தில் பற்றரியை நிறைத்துக்கொண்டு. அங்கிருந்தே இறங்குங்கள். காலை எடுத்ததும் வண்டி பிடிக்கிறதா, பிடிக்காவிட்டால் திரை அதைச் சொல்கிறதா, பிரேக் மிதி ஒரே சீராக அழுந்துகிறதா என்று கவனியுங்கள். கீழே வந்ததும் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து வாடை வருகிறதா என்று பாருங்கள்.