லில்லிக் கிழங்கு ஏன் அழுகுகிறது?

"முளைச்சுதுங்க, ஒரு சாண் வந்துது, அப்புறம் அப்படியே மஞ்சளாயிடுச்சு." ஆடி மாதம் எங்கள் நர்சரிக்கு வருபவர்கள் அதிகம் சொல்வது இதுதான். தண்டைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வரும். கீழே கிழங்கு கூழாகி நாறும். முதல் வருடம் எனக்கும் இதே கதைதான். ஜூனில் கரிசல் மண்ணில் நாற்பது கிழங்கு நட்டேன், நாலுதான் பூத்தது.

மழை லில்லி, ஃபுட்பால் லில்லி எல்லாம் பெயரில்தான் லில்லி. நட்டுவிட்டு மறந்தாலும் மழைக்குப் பூத்துவிடும். நான் சொல்வது பொக்கேயில் வரும் ஏஷியாட்டிக், ஓரியண்டல் வகைகளை. அவை குளிருக்குப் பழகியவை.

கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெங்காயம் போல மேலே காய்ந்த தோல் கிடையாது, வெறும் செதில்கள்தான். அதனால் காற்றில் கிடந்தால் சுருங்கும், ஈரத்தில் கிடந்தால் அழுகும். வாங்கும்போது விரலால் அழுத்துங்கள், பூண்டுப் பல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும்.

சமவெளியில் கார்த்திகை பிறந்து, அடைமழை விட்ட பிறகு நடுவதே நல்லது. முன்னாடியே கிழங்கு வந்துவிட்டதா? லேசாக ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைத்து, ஓட்டை போட்ட கவரில் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். முளை நீண்டுவிட்டால் காத்திருக்காமல் நட்டுவிடுங்கள்.

செம்மண் என்றால் பாதிக் கவலை விட்டது. மக்கிய உரம் கலந்தால் போதும். பச்சைச் சாணம் மட்டும் ஆகாது. கரிசலில் நாலு கூடை மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். பாத்தியை ஒரு அடி உயர்த்திய பிறகுதான் தண்ணீர் வடிந்தது. கடற்கரை மணலில் பிரச்சினை தலைகீழ்: ஈரம் நிற்காது, சூடும் ஏறும். மக்கிய உரத்தைத் தாராளமாகச் சேர்த்து, மேலே சருகு மூடாக்கு போடுங்கள்.

கிழங்குக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. மண் இருக்கட்டும். கிழங்குக்கு மேலே தண்டிலிருந்தும் வேர் விடும், செடிக்கு ஊட்டம் தருவதில் அந்த வேருக்குப் பெரிய பங்கு. களிமண்ணில் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடி வேண்டவே வேண்டாம். மேலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடும். "பூனை இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் கிழங்கையே எடுத்துக் கொடுக்கிறேன்.