ஜீப்பின் வடிவம் மாறினால் பெற்றோல் மிச்சமாகுமா?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியதிலிருந்து எங்கள் வேர்க்ஷொப்புக்கு வருகிறவர்கள் ஒன்றையே கேட்கிறார்கள். "புது எஸ்.யூ.வி. எல்லாம் டிசைனை மாற்றி வருகுதாம். உண்மையிலேயே பெற்றோல் குறையுமா?"

குறையும். ஆனால் எந்த மாற்றம், எந்த றோட்டில் என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். 2022 இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்ததும் யாருக்கும் மறந்திருக்காது. லீற்றருக்கு 6 கி.மீ. ஓடுகிற ஜீப் வைத்திருந்தவருக்கு அது வாரம் 120 கி.மீ. மட்டுமே.

கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஓடிப் பாருங்கள். எடுப்பதும் நிறுத்துவதும்தான் வேலை. 2,000 கிலோ ஜீப் ஒன்றை 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த சிக்னலில் நிறுத்துகிறீர்கள். பெற்றோலில் இருக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு சில்லுக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்தால், அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் செலவாகும். 1,200 கிலோ காருக்கு 18 போதும். நிறுத்தும்போது அவ்வளவும் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். கொழும்புக்குள் பெற்றோலைத் தின்பது முதலில் பாரம், அடுத்தது இந்த பிரேக். பம்பரின் வளைவுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 25 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100 இல் அது 16 மடங்கு. ஆகவே சரிந்த கூரை, மூடிய அடித்தளம், தானாகத் திறந்து மூடும் கிரில் எல்லாம் மாத்தறை அதிவேகப் பாதையில் பயன் தரும். பம்பலப்பிட்டிச் சந்தியில் தராது. அதிவேகப் பாதையிலும், உயரமும் அகலமும் அப்படியே இருக்கும்வரை வடிவமைப்பாளரால் ஓரளவுதான் செய்ய முடியும்.

பாரத்தைக் குறைத்தவர்கள் செய்ததே பெரிய வேலை. தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பொடியை (மேல்கூட்டை) வைத்துக் கட்டும் பழைய முறையை விட்டு, பொடியையும் சேசிஸையும் ஒன்றாகவே செய்யத் தொடங்கினார்கள். டொயோட்டா பிராடோ இன்னமும் தனிச் சேசிஸ் வண்டி, 2 தொன்னுக்கு மேல். ஒன்றாகச் செய்த சின்ன டொயோட்டா ரைஸ் ஏறத்தாழ ஒரு தொன். 2012 இல் ரேஞ்ச் ரோவர் முழு அலுமினியப் பொடிக்கு மாறியபோது, சில வகைகளில் 420 கிலோ வரை குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கில், பாரத்தை 10 வீதம் குறைத்தால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 8 வீதம் கூடும்.

ஆனால் கொழும்புக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் ஹைபிரிட்டை, அதாவது எஞ்சினோடு மின்மோட்டரும் பற்றரியும் உள்ள வண்டியை, சொல்வேன். பிரேக்கில் போகும் சக்தியில் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்புகிறது, சிக்னலில் எஞ்சினை நிறுத்துகிறது. 2019 மொடல் டொயோட்டா ரவ்4 ஐப் பாருங்கள். ஒரே பொடிதான். அமெரிக்க அரசின் சோதனை அளவில், நகர ஓட்டத்தில் பெற்றோல் வகை லீற்றருக்குச் சுமார் 11 கி.மீ., ஹைபிரிட் 17 க்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் 15 க்கும் 16 க்கும் இடையிலான வித்தியாசம்தான். தினமும் நெரிசலில் நிற்பவருக்கும், கிழமைக்கு ஒருமுறை காலிக்குப் போய்வருபவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாதது இதனால்தான்.

லீற்றருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்கும் பழக்கம் ஒன்றை மறைத்துவிடுகிறது. ஜீப் 6 இலிருந்து 8 க்கு ஏறினால் 100 கி.மீ.க்கு 4 லீற்றருக்கு மேல் மிச்சம். சின்னக் கார் 18 இலிருந்து 24 க்கு ஏறினாலும் மிச்சம் ஒன்றரை லீற்றர்கூட இல்லை. பெரிய வண்டியில் வரும் சிறிய முன்னேற்றத்தை அற்பமாக நினைக்கக் கூடாது.

எனக்கு மனம் நோகிற இடம் வேறு. கம்பனிக்காரன் எத்தனையோ வருடம் உழைத்துக் குறைத்ததை, வண்டி வந்த மறுமாதமே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கூட்டிவிடுகிறார்கள். அகல ரயர், இரும்பு முன்கம்பி, உயர்த்தும் கிட், கூரையில் கெரியர். கூரைமேல் பெரிய பெட்டி ஒன்று இருந்தால் அதிவேகப் பாதையில் 10 முதல் 25 வீதம் வரை சிக்கனம் போய்விடும். காட்டுப்பக்கம் போகாத ஜீப்புக்குச் சேற்று ரயர் எதற்கு? பயணம் முடிந்ததும் கெரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

பழைய ஹைபிரிட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பல மொடல்களில் பற்றரியைக் குளிராக்கும் காற்று பின் சீற்றுப் பக்கமிருந்து போகிறது. அந்தத் துவாரத்தைச் சீற் கவரால் மூடி, பைகளையும் அடுக்கி வைத்த வண்டிகள் எங்களிடம் நிறைய வருகின்றன. உள்ளே தூசி அடைத்து, பற்றரி சூடாகி, ஹைபிரிட் இருந்தும் பயனில்லாமல் எஞ்சினே முழு நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் அந்த விசிறியையும் அதன் வடிகட்டியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பற்றரியை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.