தப்பான விடைக்கும் ஒரு கணக்கு உண்டு

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்துக் கழித்தல் கணக்குகள். ஒரு பையனின் நோட்டில் நாலு சரி, ஆறு தப்பு. வழக்கம்போல அடியில் ‘கவனமாகப் போடு’ என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டேன். அப்போதுதான் தப்பான வரிகள் வரிசையாகக் கண்ணில் பட்டன.

52 − 27 = 35
43 − 18 = 35
71 − 36 = 45
60 − 24 = 44

கவனமில்லாத பிள்ளையின் தப்பு இப்படி ஒழுங்காக வராது. மறுநாள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “முதல் கணக்கை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக் கொடுப்பா” என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. “ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு.” ஏன் திருப்பிப் போட்டாய் என்று கேட்டதற்கு என்னை விநோதமாகப் பார்த்தான். “பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

சொன்னேன்தான். ஒன்றாம் வகுப்பிலும் அவனுக்கு நான்தான் டீச்சர். அன்றைக்கு வேலை சுலபமாக முடியட்டும் என்று சொன்ன ஒரு வாக்கியத்தை அவன் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, பத்துக் கணக்கிலும் ஒன்றுகூட விடாமல் போட்டிருக்கிறான். சரியாக வந்த நாலும் 68 − 25 மாதிரிக் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள். அவனைப் பொறுத்தவரை பத்தும் ஒரே கணக்குதான். பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு அனுப்பியிருந்தால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: “பாதி ஒழுங்காப் போட்டிருக்கான், மீதியில விளையாட்டுப் புத்தி.”

இந்தத் தப்பு உலகமெல்லாம் உள்ளதுதான். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகள் போட்ட கழித்தல் கணக்குகளை அலசி, தப்புகளில் பல ஏனோதானோவென்று வருபவை இல்லை, பிள்ளை உருவாக்கி வைத்திருக்கும் ஒரு தவறான விதியிலிருந்து ஒழுங்காக வருபவை என்று காட்டினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைக் குறிக்கும் ‘பக்’ (bug) என்ற பெயரையே இவற்றுக்கும் வைத்தார்கள். விதி என்னவென்று கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த கணக்குக்கு என்ன தப்பு விடை எழுதும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். நான் சொல்லிப் பார்த்தேன். 84 − 59க்கு 35 எழுதுவான் என்று நினைத்தேன், எழுதினான்.

அப்புறம் குச்சிகளை எடுத்தேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. “எனக்கு ஏழு குச்சி கொடு” என்றேன். கையிலிருந்த இரண்டைப் பார்த்தான், கட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை. ஒரு நிமிடம் போயிருக்கும். சட்டென்று ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை இழுத்தான். அது தெறித்துப் போய் அடுத்த வரிசையில் விழுந்தது. குச்சிகள் மேசையில் சரிந்தன. “இப்பப் பன்னெண்டு இருக்கு டீச்சர்!”

இதைக் ‘கடன் வாங்குதல்’ என்றுதான் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். முன்பு ஒரு சிறுமி கேட்டாள்: “கடன் வாங்கினா எப்ப டீச்சர் திருப்பிக் கொடுப்போம்?” அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். இப்போதெல்லாம் ‘கட்டைப் பிரி’ என்றுதான் சொல்கிறேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் விட்டுவிட்ட பழக்கம் ஒன்று: பாடம் முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பது. அந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதுவும் ராகத்தோடு: “புரிஞ்சு…து டீச்சர்!” புரிந்தவனும் சொல்வான். புரியாதவன் இன்னும் சத்தமாகச் சொல்வான். நாற்பது பேர் பார்க்க ‘எனக்குப் புரியல’ என்று சொல்லும் தைரியம் பெரியவர்கள் கூட்டத்திலேயே அரிது. அதோடு, தவறான விதியை வைத்திருக்கும் பிள்ளைக்குத் தனக்குப் புரியவில்லை என்பதே தெரியாது. அந்தப் பையனைக் கேட்டிருந்தால் ‘புரிஞ்சுது’ என்று மனதாரச் சொல்லியிருப்பான்.

அதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் கொடுத்து, எப்படிப் போட்டாய் என்று கேட்கிறேன். இதிலும் முதலில் ஒரு தவறு செய்தேன். தப்பாகப் போட்டவர்களிடம் மட்டும் கேட்டேன். ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் “எப்படி வந்துச்சு?” என்று வாயைத் திறந்ததுமே ரப்பர் நோட்டில் பறக்கும். ‘எப்படி’ என்றால் ‘தப்பு’ என்று அர்த்தமாகிவிட்டது. இப்போது சரியாகப் போட்டவர்களிடமும் கேட்கிறேன். சில சமயம் அங்கேதான் ஆச்சரியம் காத்திருக்கும். சரியான விடையைப் பக்கத்து நோட்டைப் பார்த்துப் போட்டவர்கள் உண்டு, தப்பான வழியில் போய்த் தற்செயலாகச் சரியான விடைக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ரப்பரையும் கணக்கு வகுப்பில் தள்ளி வைத்துவிட்டேன். தப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பப் போட வேண்டும். அழித்துவிட்டால் எனக்குத்தான் நஷ்டம்.

எண்களைக் கேட்டு எழுதச் சொன்னால் இன்னொரு ரகம் வரும். ‘முந்நூற்று ஏழு’ என்று சொல்வேன். இரண்டாம் வகுப்பில் நாலைந்து பேர் 3007 என்று எழுதியிருப்பார்கள். காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள்: முந்நூறு 300, ஏழு 7. இதற்கு ‘தப்பு, 307’ என்று திருத்திக் கொடுத்தால் அந்த ஒரு எண் மனப்பாடமாகும், நானூற்று ஐந்து மறுபடி 4005 ஆகும். 300 என்று எழுதிய நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 7 என்ற சின்ன அட்டையை வைத்துக் காட்டினால் போதும். பூஜ்யம் எங்கே போனது என்று அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள்.

எண்ணுப்பெயர்களில் நம் மொழியும் கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. இருபது, முப்பது என்று எண்பது வரை ‘பது’ வைத்து வந்துவிட்டு, அடுத்தது திடீரென்று தொண்ணூறு. அதில் நூறு ஒலிக்கிறது, ஒன்பதைக் காணோம். இருநூறு, முந்நூறு என்று எண்ணூறு வரை போய்விட்டுத் தொள்ளாயிரம். அதில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் ‘எண்பத்துப் பத்து’ என்று ஒரு குழந்தை சொன்னால் சிரிக்காதீர்கள். மொழியைவிட ஒழுங்காக அது யோசிக்கிறது.

சமக்குறியிலும் இப்படி ஒரு குழி இருக்கிறது. 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 12 என்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். 7 என்று சொல்பவர்கள் குறைவு. ஏனென்றால் நாம் கொடுத்த நூற்றுக்கணக்கான கணக்குகளில் ‘=’ என்பதற்கு ‘இனி விடையை எழுது’ என்றுதான் பொருள் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று அந்தக் குறி சொல்வதை அவர்கள் பார்த்ததே இல்லை. 7 = 3 + 4 என்று அவ்வப்போது திருப்பி எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும்.

தமிழ் வகுப்புக்கு வருவோம். ‘கெ’ என்று சொன்னால் ஒரு குழந்தை முதலில் ‘க’ எழுதி, அதற்குப் பின்னால் கொம்பைப் போடுகிறது. காதில் முதலில் வருவது க், அப்புறம்தான் எ. காது சொன்னபடி கை எழுதியிருக்கிறது. ‘கொ’ என்றால் கேட்கவே வேண்டாம், கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் எழுத்து. வாசிக்கும்போது ‘கெ’ என்று தொடங்கிவிட்டுக் காலைப் பார்த்ததும் திகைத்து நிற்பது இதனால்தான். ‘ஔ’ வரிசையில் எழுத்துக்குப் பின்னால் வரும் குறியும் ‘ள’ என்ற எழுத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் ‘கௌ’வைக் ‘கெ’, ‘ள’ என்று பிரித்து வாசிப்பதும் நடக்கும். மொத்தம் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உண்மையில் அங்கே கற்க வேண்டியது உயிர் 12, மெய் 18, ஆய்தம், அப்புறம் அவை சேரும் விதம். மழையும் மலையும் ஒன்றாக எழுதுகிற பிள்ளையிடம் முதலில் இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். வாயில் ஒன்றாக வருவது கையில் வேறாக வராது.

வாசிப்பதில் பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “முழுப் பாடத்தையும் கடகடன்னு வாசிக்கிறா டீச்சர்” என்பார்கள். வாசிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுப்பக்கத்தில் ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்து இது என்ன என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்டபோது ஒரு சிறுமி, பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த வார்த்தையில் நிறுத்திச் சரியாகச் சொன்னாள். அசாத்திய ஞாபகசக்தி. ஆனால் அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை வருடம் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் 1970களில் வெளிவந்தன. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள், இல்லையென்றால் தாமே சொல்லிவிடுகிறார்கள். அதை 3 நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். மூன்று நொடிதானே என்று நினைப்பீர்கள். வகுப்பில் நின்று பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணுவேன்.

எல்லாத் தப்புக்கும் காரணம் மண்டைக்குள் இருக்காது. கரும்பலகையில் 58 இருக்க நோட்டில் 53 என்று எழுதும் பிள்ளை, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற, தலையைச் சாய்க்கிற, அடிக்கடி எழுந்து பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிற பிள்ளை, பெரும்பாலும் காப்பியடிக்கவில்லை. பலகை தெரியவில்லை. தெரியவில்லை என்று அது புகார் சொல்லவும் சொல்லாது, எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் மங்கலாக இருக்கும் போலும் என்று நினைத்திருக்கும். உயரம் என்பதற்காகக் கடைசிப் பெஞ்சில் போட்டுவைத்த பிள்ளைகளை நான் வருடத் தொடக்கத்திலேயே பலகையிலிருந்து ஒரு வரி வாசிக்கச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி. வாசிக்கத் திணறினால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிக் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன்.

காதும் அப்படித்தான். சளி பிடித்து விட்ட பிறகும் சின்னப் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, சில வாரங்களுக்குக் கேட்கும் திறன் குறைவது சகஜம். வலி இருக்காது. ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் மந்தமாக இருக்கும். “சொன்னா கேட்கவே மாட்டேங்கிறான்” என்று வீட்டில் குறை சொல்வார்கள். நிஜமாகவே கேட்காமல் இருந்திருக்கும்.

எழுத்தைத் திருப்பி எழுதியதும் இணையத்தில் தேடி, டிஸ்லெக்சியாவா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று பதறி ஓடி வருகிறவர்களும் உண்டு. ஐந்து, ஆறு வயதில் 3ஐயும் 7ஐயும் கண்ணாடியில் பார்த்ததுபோல எழுதுவது சாதாரணம். ஏழெட்டு வயதுக்கு மேலும் எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் திணறல் தொடர்ந்தால், வாய்விட்டுப் பேசும்போது கெட்டியாக இருக்கும் பிள்ளை புத்தகத்தைத் திறந்ததும் சுருங்கிப் போனால், அப்போது தள்ளிப்போடாமல் சிறப்புக் கல்வி ஆசிரியரையோ குழந்தை உளவியலாளரையோ பாருங்கள். அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அந்தப் பெயர் எளிதில் போகாது.

வீட்டில் நோட்டைத் திறந்ததும் சிவப்புச் சுழியைத் தேடுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு கணக்கின் மேல் விரலை வைத்து, “இதை எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். குரலில் விசாரணை தொனிக்கக் கூடாது, அது ரொம்ப முக்கியம். நடுவில் குறுக்கிடாமல் முடிக்க விடுங்கள். திருத்துவது அப்புறம் இருக்கட்டும், அல்லது எங்களிடம் விட்டுவிடுங்கள்.

அந்தப் பையன் இரண்டு வாரத்தில் இரண்டிலக்கக் கழித்தலைத் தாண்டிவிட்டான். அப்புறம் ஒருநாள் இடைவேளையில் நோட்டோடு வந்து நின்றான். 402 − 157. நடுவிலிருந்த பூஜ்யத்தைக் காட்டி, “டீச்சர், இதுல கட்டே இல்லையே, எதைப் பிரிக்கிறது?” என்றான். எங்கள் அலமாரியில் பத்துக் குச்சிக் கட்டுகள்தான் இருந்தன, நூறு குச்சிக் கட்டு என்று ஒன்று இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை. அன்று பள்ளி விட்டதும் இருவரும் தரையில் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துக் கட்டினோம். பெரிய ரப்பர் பேண்டு இரண்டு முறை அறுந்தது.