கார் பளபளப்பைக் கெடுப்பது தூசியா, துடைப்பா?

நல்ல வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட்டை உற்றுப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். அங்கே இருப்பவை பெரும்பாலும் எல்லாத் திசையிலும் ஓடும் குட்டிக் குட்டிக் கீறல்கள். ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றில் மிகப் பல, காரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துத் துடைத்த கையால் விழுந்தவை.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பு முழுவதும் இந்தப் பூச்சின் சமதளத்தில்தான் இருக்கிறது. மேற்பரப்பு சீராக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்புகிறது, பிம்பம் கூர்மையாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஆகவே ஒரு மைக்ரான் ஆழமுள்ள கீறல்கூட ஒளியைச் சிதறடிக்கப் போதும். பாலிஷ் போட்டால் கீறல் போய்விடுமே என்று கேட்கலாம். பாலிஷ் கீறலை நிரந்தரமாக நீக்குவது, சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் அதே ஆழத்துக்குத் தேய்த்து எடுப்பதால்தான். போன தடிமன் திரும்பி வராது.

சாலைத் தூசியில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிறையக் கலந்திருக்கும். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. சாதாரண இரும்பைவிடவும் கடினம். கிளியர் கோட்டோ பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. உலர்ந்த துணியால் பானட்டை ஒரு இழு இழுத்தால், துணிக்கடியில் சிக்கிய துகள்கள் உப்புத்தாளின் வேலையைச் செய்கின்றன. காலையில் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் தட்டிவிட்டுப் போகும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். விரலால் தேய்த்து எவ்வளவு தூசி என்று பார்ப்பதும் இதே தவறுதான்.

எல்லாத் தூசியும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. புதிதாகப் படிந்த உலர்ந்த தூசி மிக லேசான பிடிப்பில் உட்கார்ந்திருக்கும். காற்றடித்தாலே பாதி பறந்துவிடும். அதன்மேல் ஒரு இரவுப் பனி இறங்கினால் கதை மாறுகிறது. துகளுக்கும் பெயின்ட்டுக்கும் இடையே நீர் புகுந்து இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. நீர் காயும்போது தூசியில் கரைந்திருந்த உப்புகள் படிந்து, துகளைச் சிமென்ட் வைத்ததுபோல் இறுக்கிவிடுகின்றன. எனவே லேசான தூசியை அன்றைக்கே எடுப்பது சுலபம். சேறு தெறித்து, மழையில் நனைந்து, காய்ந்துபோன அழுக்கு என்றால் தொடவே வேண்டாம். குழாய் நீர் பீய்ச்சிக் கழுவும் வரை அப்படியே இருக்கட்டும்.

லேசான தூசிக்கு நீரில்லாக் கழுவல் ஸ்பிரே போதும். அதில் பெரும்பகுதி நீர். கூடவே அழுக்கை ஊறவைத்துப் பிரிக்கும் சர்ஃபாக்டன்ட், துகளைச் சூழ்ந்து வழுக்க வைக்கும் பாலிமர். நிழலில், பெயின்ட் கைக்குச் சூடாக இல்லாதபோது தொடங்குங்கள். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். அரை பானட் அளவுக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். பரப்பு முழுவதும் நனையும்படி தாராளமாக அடித்து, அரை நிமிடம் ஊற விடுங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான். 40 செ.மீ. சதுர மைக்ரோஃபைபர் துணியை இருமுறை மடித்தால் எட்டு சுத்தமான முகங்கள் கிடைக்கும். துணியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், ஒரே திசையில், நேர்க்கோட்டில் இழுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஓர் இழுப்பு முடிந்ததும் முகத்தை மாற்றுங்கள். அழுக்கேறிய முகம் மறுபடி பெயின்ட்டைத் தொடக் கூடாது. பிறகு இன்னொரு காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். முழுக் காருக்கு ஆறு முதல் பத்துத் துணிகள் ஆகும். கதவுகளின் அடிப்பகுதியிலும் சக்கரங்களுக்குப் பின்னாலும் மணல் அதிகம். அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

துடைத்தபின் மங்கலான கோடுகள் தெரிந்தால் பெயின்ட் சூடாக இருந்திருக்கும், அல்லது திரவம் அதிகமாகித் துணி நிறைந்திருக்கும். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் சரியாகிவிடும். மேலும் ஸ்பிரே அடித்தால் கோடுகள் கூடத்தான் செய்யும்.

பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது. அதிலுள்ள யூரிக் அமிலம் ஒரு பக்கம்; வெப்பம் இன்னொரு பக்கம். வெயிலில் அடர்நிறக் காரின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் சற்று இளகி விரிகிறது. எச்சம் காய்ந்து கல்லாகிறது. மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்துவிடுகிறது. சுரண்டாதீர்கள், எச்சத்தில் மணலும் விதைத்துணுக்கும் இருக்கும். நீரில் ஊறிய துணியை அதன்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டு வைத்து, இளகியபின் கிள்ளுவதுபோல் தூக்கி எடுங்கள்.

நீர்த்துளி காய்ந்த வெள்ளை வளையங்கள் பெரும்பாலும் கடின நீரின் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றினால் கார்பனேட் கரைந்துவிடும். உடனே நல்ல நீரால் துடைத்துவிட வேண்டும்.

இங்கே வாக்ஸ் பற்றி ஒரு தெளிவு தேவை. மெழுகுப் பூச்சான வாக்ஸோ, அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலன்ட்டோ கீறலைத் தடுக்கும் கவசம் இல்லை. அவை செய்வது, அழுக்கு பிடித்துக்கொள்ள இடம் கொடுக்காமல் இருப்பது. அதனால் அடுத்த முறை குறைந்த உரசலில் தூசி வருகிறது. நீர் முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்து மகிழ்ந்து அப்படியே காய விட்டால் ஒவ்வொரு முத்தும் தன் உப்பையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்து வளையம் போடும். வாக்ஸ் போட்ட காரைத்தான் கழுவிய கையோடு ஈரம் போக ஒற்ற வேண்டும்.

துணிகளைத் தனியே துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் அதன் நூல்பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி கண்டிஷனர் வேண்டாம், அது இழைகளின்மேல் படிந்து நீர் உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழைகள் விறைத்துவிடும். தரையில் விழுந்த துணி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அன்று பெயின்ட்டைத் தொடக் கூடாது, சக்கரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.